சொந்த மக்களின் பயத்தில் வாழ்ந்த ‘காட்பாதர்’

குண்டர் கும்பல் தலைவன் என்று சொன்னவுடன் நம்மில் பலருக்கு மனத்தில் தோன்றும் உருவம் எது? கோட்டு சூட்டு அணிந்து, தாழ்ந்த குரலில் பேசி, தன்னைத் தேடி வரும் ஏழைக்கு நீதி வாங்கித் தரும் ஒரு பெரிய மனிதர். 1972-இல் வெளிவந்த ‘தி காட்பாதர்’ என்னும் ஆங்கிலப் படம் உலகத்துக்குக் கொடுத்த உருவம் அது. 1987-இல் மணிரத்னம் இயக்கிய ‘நாயகன்’ அதே உருவத்தை வேட்டி சட்டையில் நமக்குக் காட்டியது.

அந்த ஆங்கிலப் படத்தின் நாயகனுக்கு விட்டோ கோர்லியோனே என்று பெயர். கோர்லியோனே என்பது கற்பனை ஊர் அல்ல. இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவில், பலெர்மோ நகருக்குத் தெற்கே மலைப்பகுதியில் இருக்கும் உண்மையான ஊர். அந்த ஊரில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் நகரின் முதல் பெரிய மாஃபியா தலைவனாக ஆனவன் ஒருவன் உண்மையிலேயே இருந்தான். அவன் பெயர் ஜூசெப்பே மொரெல்லோ.

படத்து நாயகன் தன் மக்களைக் காப்பாற்றினான். நிஜ மனிதன் தன் மக்களுக்கு என்ன செய்தான்? இன்று நாம் அலசப்போகும் கேள்வி இதுதான்.

கொடுக்குக் கை

மொரெல்லோ 1867-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி பிறந்தான். அவனுடைய வலது கை பிறவியிலேயே குறைபட்டது. அதில் ஒரே ஒரு விரல்தான் இருந்தது. நண்டின் கொடுக்கைப் போல வளைந்திருந்த அந்தக் கையே பிற்காலத்தில் அவனுக்குப் பட்டப்பெயரானது. அவன் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்ட பெர்னார்டோ டெர்ரநோவா, உள்ளூர் மாஃபியாவோடு தொடர்பு உடையவன். அந்த மணத்தில் பிறந்த வின்சென்சோ, சீரோ, நிக்கோலோ ஆகிய மூன்று தம்பிகளும் பின்னாளில் அண்ணனின் கும்பலுக்குத் தூண்களாக ஆனார்கள்.

1889-இல் கோர்லியோனேயின் வயல் காவலர் தலைவர் ஜொவான்னி வெல்லா சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் மொரெல்லோ மீது விழுந்தது. ஆனால், வழக்கு அவனைத் தொடவில்லை. கள்ள நோட்டு வழக்கு ஒன்றும் அவனைத் துரத்தியது. 1892 வாக்கில் அவன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். 1894-இல் இத்தாலிய நீதிமன்றம், ஆள் இல்லாமலே விசாரித்து, அவனுக்கு ஆறு ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை விதித்தது.

அமெரிக்காவிலும் அவனுக்கு எடுத்த எடுப்பில் ராஜ வாழ்க்கை கிடைத்துவிடவில்லை. நியூயார்க்கில் வேலை கிடைக்காமல் குடும்பத்தோடு லூசியானா மாநிலத்துக்குப் போனான். அங்கே கரும்புத் தோட்ட வேலை. பிறகு டெக்சாசில் பருத்திக் காட்டு வேலை. மலேரியா குடும்பத்தையே படுக்க வைத்தது. 1897 வாக்கில் எல்லாரும் நியூயார்க்குக்கே திரும்பி வந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? வியர்வை சிந்திப் பிழைப்பது எவ்வளவு கடினம் என்று மொரெல்லோவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த பிறகுதான், அப்படி வியர்வை சிந்துகிறவர்களிடம் பிடுங்கித் தின்னும் வழியை அவன் தேர்ந்தெடுத்தான்.

யாரிடம் பிடுங்கினான்?

1880 முதல் 1920-களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவில் குடியேறினார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியின் ஏழை விவசாயிகள். நியூயார்க்கின் சுரங்க ரயில் பாதைகளைத் தோண்டியதிலும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியதிலும், கட்டடங்களுக்குச் செங்கல் சுமந்ததிலும் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எலிசபெத் தெரு, மோட் தெரு, கிழக்கு ஹார்லெம் போன்ற இடங்களில் நெருக்கமான அடுக்குமாடி வீடுகளில் அவர்கள் குடியிருந்தார்கள்.

அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. காவல்துறையில் இத்தாலிய மொழி தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். சிசிலியில் அரசாங்கம் என்றாலே வரி வாங்க வரும் அந்நியன் என்ற எண்ணம் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போயிருந்தது. காவலரிடம் போய்ப் பேசுவது இழுக்கு என்ற ஒரு வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அதற்கு ‘ஒமெர்த்தா’ என்று பெயர். வாயை மூடிக்கொள் என்பதுதான் அதன் சுருக்கம்.

பணம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. பாதுகாப்பு இல்லை. பேசவும் மாட்டார்கள். ஒரு குற்றவாளிக்கு இதைவிட நல்ல விளைநிலம் வேறு என்ன வேண்டும்?

தொழில் நடந்த விதம்

மொரெல்லோ கும்பலுக்கு வருமானம் வந்த வழிகளை மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, மிரட்டல். அந்தக் காலத்தில் இத்தாலியக் கடைக்காரர்களுக்கும் ரொட்டி சுடுபவர்களுக்கும் பெயரில்லாக் கடிதங்கள் வரும். கீழே கறுப்புக் கை ஒன்று வரையப்பட்டிருக்கும். இவ்வளவு பணம் தராவிட்டால் கடைக்கு வெடிகுண்டு, அல்லது குழந்தைக்கு ஆபத்து. இதற்குக் ‘கருங்கை’ என்று பெயர். கருங்கை என்பது ஒரே அமைப்பு அல்ல; பல சிறு கும்பல்கள் பயன்படுத்திய ஒரு முறை. கடிதம் வந்தவர் நடுங்கிப்போய் ஊரில் செல்வாக்குள்ள ஒருவரை நாடுவார். அவரும், “கவலைப்படாதே, நான் பேசித் தொகையைக் குறைத்து வைக்கிறேன்” என்பார். பல வேளைகளில் சமரசம் பேசுபவரும் கடிதம் அனுப்பியவரும் ஒரே கூட்டம்தான். மொரெல்லோவின் தங்கையை மணந்த இக்னாசியோ லூப்போ, மோட் தெருவில் பெரிய மளிகைக் கடை வைத்திருந்தான். வெளிப் பார்வைக்கு மரியாதைக்குரிய வியாபாரி. அவன் பெயரைக் கேட்டாலே அக்கம்பக்கத்தார் சிலுவைக் குறி இட்டுக்கொள்வார்கள் என்று அந்நாளைய செய்திகள் கூறுகின்றன.

இரண்டாவது, ‘கூட்டுறவு’. 1902-இல் மொரெல்லோ இக்னாட்ஸ் ஃபுளோரியோ கூட்டுறவுச் சங்கம் என்ற பெயரில் ஒரு கட்டுமான நிறுவனத்தைத் தொடங்கினான். கோர்லியோனேயிலிருந்து வந்த தன் ஊர்க்காரர்களுக்கே பங்குகளை விற்றான். கட்டடங்கள் எழுந்தன, விற்கவும் பட்டன. ஆனால் 1907-இல் அமெரிக்காவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியில் நிறுவனம் சரிந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்துப் பங்கு வாங்கிய ஊர்க்காரர்களின் பணம் முழுகிப்போனது. அடுத்த ஆண்டே லூப்போவின் மளிகை வியாபாரமும் திவாலானது. பணம் எங்கே என்று கடன் கொடுத்தவர்கள் கேட்டதற்கு, கருங்கை மிரட்டலில் தானே பணம் இழந்துவிட்டதாகச் சொன்னானாம். ஆட்டைத் தின்ற ஓநாய், தன்னையும் ஓநாய் கடித்துவிட்டது என்று சொன்ன கதை அது.

மூன்றாவது, கள்ள நோட்டு. சிசிலியிலேயே பழகிய தொழில். 1900-இலேயே ஐந்து டாலர் கள்ள நோட்டு வழக்கில் மொரெல்லோ கைதாகி, பிறகு விடுபட்டிருக்கிறான். அச்சடித்த நோட்டுகளை அவன் நேரடியாகக் கடையில் மாற்றமாட்டான். முகமதிப்பில் ஒரு பகுதி விலைக்குப் பல ஊர்களில் உள்ள ஆட்களுக்கு மொத்தமாக விற்றுவிடுவான். பிடிபடுகிறவன் சின்ன ஆள். தலைவனின் கை சுத்தமாகவே இருக்கும்.

பீப்பாயில் ஒரு பிணம்

1903 ஏப்ரல் 14-ஆம் தேதி காலை. நியூயார்க்கில் கிழக்கு 11-ஆவது தெருவில், நடைபாதை ஓரம் ஒரு மரப் பீப்பாய் கிடந்தது. மூடியிருந்த கோட்டை விலக்கிப் பார்த்தால், உள்ளே கழுத்து அறுக்கப்பட்ட ஓர் ஆணின் உடல். அடியில் மரத்தூள், சுருட்டுத் துண்டுகள்.

இறந்தவர் யார்? இங்கேதான் இரண்டு முக்கிய மனிதர்கள் கதைக்குள் வருகிறார்கள்.

ஒருவர் வில்லியம் ஃபிளின். அமெரிக்க ரகசியப் பணித்துறையின் நியூயார்க் பிரிவுத் தலைவர். அதிபருக்குக் காவல் நிற்கும் துறை என்றுதான் அதை நாம் அறிவோம். ஆனால் 1865-இல் அது தொடங்கப்பட்டதே கள்ள நோட்டை ஒழிப்பதற்காகத்தான். ஃபிளினின் ஆட்கள் மொரெல்லோ கும்பலை ஏற்கெனவே கண்காணித்து வந்தார்கள். முந்தின நாள் அந்தக் கும்பலோடு ஒரு புதிய ஆளைப் பார்த்திருந்தார்கள். பீப்பாயில் கிடந்தவர் அவர்தான்.

மற்றவர் ஜோசப் பெட்ரோசினோ. தெற்கு இத்தாலியில் பாதுலா என்ற ஊரில் 1860-இல் பிறந்து, சிறு வயதில் நியூயார்க்குக்கு வந்து, 1883-இல் காவல்துறையில் சேர்ந்தவர். கள்ள நோட்டு வழக்கில் சிங் சிங் சிறையில் இருந்த ஜூசெப்பே டி ப்ரீமோ என்பவனிடம் போய், இறந்தவரின் படத்தைக் காட்டினார். “இவர் என் மைத்துனர் பெனடெட்டோ மதோனியா” என்றான் அவன். பஃபலோ நகரிலிருந்த மதோனியா, கும்பலிடமிருந்து மைத்துனனுக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்கப் போய்த்தான் உயிரை விட்டார்.

பீப்பாயில் இருந்த குறியீட்டைப் பிடித்துக்கொண்டு போன போலீசார், எலிசபெத் தெருவிலிருந்த ஒரு மிட்டாய்க் கடையில் போய் நின்றார்கள். கும்பலின் முரட்டு ஆள் தொம்மாசோ பெட்டோவின் சட்டைப் பையில் ஓர் அடகுச் சீட்டு கிடைத்தது. அடகு வைக்கப்பட்ட பொருள், இறந்தவரின் கைக்கடிகாரம் அல்ல. அவருடைய பைக் கடிகாரம். மொரெல்லோ உட்படப் பலர் கைதானார்கள்.

இவ்வளவு தடயம் கிடைத்த பிறகு தண்டனை நிச்சயம் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் தடுமாறினார்கள். முன்பு உறுதியாகச் சொன்னதை, இப்போது சரியாக நினைவில்லை என்றார்கள். வழக்கு சரிந்தது. மொரெல்லோ வெளியே வந்தான். அன்று அவனைக் காப்பாற்றியது வக்கீலின் திறமையை விட, சாட்சிகளின் பயமே.

மண்ணின் மைந்தர் கொடுத்த விலை

பெட்ரோசினோ சோர்ந்துவிடவில்லை. இத்தாலிய மொழி தெரிந்த ஒரு சில காவலர்களை வைத்து ஒரு தனிப்படையை உருவாக்கினார். ‘இத்தாலியர் என்றாலே குற்றவாளிகள்’ என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. அந்தக் கெட்ட பெயரை இத்தாலியர்களே துடைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இத்தாலியில் குற்றம் செய்துவிட்டு ஓடி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப, அங்குள்ள பதிவேடுகள் தேவைப்பட்டன. அவற்றைத் திரட்ட 1909-இல் அவரே இத்தாலிக்குப் போனார். ரகசியமாக இருக்க வேண்டிய அந்தப் பயணச் செய்தி, நியூயார்க் பத்திரிகையில் வெளிவந்துவிட்டது.

1909 மார்ச் 12-ஆம் தேதி இரவு, பலெர்மோவின் மரீனா சதுக்கத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சிசிலி மாஃபியாவின் வித்தோ காஷியோ ஃபெர்ரோ மீதும், நியூயார்க்கில் மொரெல்லோ கும்பல் மீதும் சந்தேகம் எழுந்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை. அவர் உடல் நியூயார்க்குக்கு வந்தபோது, இறுதி ஊர்வலத்தைக் காண இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் தெருவில் நின்றார்கள். இத்தாலிய மக்கள் யாரைத் தங்கள் பெருமையாக நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வாய் திறந்த அச்சுத் தொழிலாளி

நிறுவனம் முழுகிய பிறகு மொரெல்லோவுக்கும் லூப்போவுக்கும் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. மறுபடியும் கள்ள நோட்டில் இறங்கினார்கள். அச்சடிக்க ஆள் வேண்டுமே? அந்தோனியோ கோமித்தோ என்ற ஏழை அச்சுத் தொழிலாளி வேலை தேடிக்கொண்டிருந்தார். 1908 இறுதியில், நல்ல அச்சக வேலை என்று ஆசை காட்டி அவரை அழைத்துப் போனார்கள். ஆனால் போய்ச் சேர்ந்த இடம், ஹட்சன் ஆற்றங்கரையில் ஹைலண்ட் என்ற ஊருக்கு அருகே, காட்டுக்குள் இருந்த ஒரு வீடு. அங்கே காவல் வைத்து, கனடாவின் ஐந்து டாலர் நோட்டையும் அமெரிக்காவின் இரண்டு டாலர் நோட்டையும் அச்சடிக்க வைத்தார்கள். தப்பிக்க நினைத்தால் உயிர் போகும் என்று அவருக்குத் தெரியும்.

நோட்டுகள் சந்தைக்கு வந்ததும் ஃபிளின் விழித்துக்கொண்டார். நோட்டை மாற்றியவர்களைப் பிடித்து, அவர்களுக்குக் கொடுத்தவர்களைப் பிடித்து, படிப்படியாக மேலே ஏறினார். 1909 நவம்பரில் மொரெல்லோ கைதானான். லூப்போவும் பின்னர் சிக்கினான். ஆனால் கும்பல் தலைவர்களையும் அச்சு இயந்திரத்தையும் இணைக்கும் சாட்சி வேண்டும். கோமித்தோவைத் தேடிக் கண்டுபிடித்து, பாதுகாப்புத் தருவதாக உறுதியளித்தார் ஃபிளின்.

1910-இல் நியூயார்க் நீதிமன்றத்தில், மொரெல்லோவும் லூப்போவும் எதிரே உட்கார்ந்திருக்க, அந்த எளிய தொழிலாளி நடந்ததையெல்லாம் சொன்னார். மொரெல்லோவுக்கு 25 ஆண்டுகள், லூப்போவுக்கு 30 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இருவரும் அட்லாண்டா சிறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

கொலைகளுக்காக அசைக்க முடியாதவன், கள்ளக் காகிதத்துக்காக உள்ளே போனான். 1903-இல் சாட்சிகளுக்குப் பாதுகாப்பு இல்லை, அவர்கள் பின்வாங்கினார்கள். 1910-இல் சாட்சிக்குப் பின்னால் ஓர் அரசாங்கத் துறை உறுதியாக நின்றது, அவர் பேசினார். இரண்டு வழக்குகளுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

குடும்பம் என்ன ஆனது?

மொரெல்லோ சிறையிலிருந்த காலத்தில், 1912-இல், அவன் மகன் சுட்டுக் கொல்லப்பட்டான். தம்பி நிக்கோலோ 1916-இல் புரூக்ளினுக்குச் சமாதானம் பேச அழைக்கப்பட்டு, அங்கேயே கொல்லப்பட்டான். தண்டனை குறைக்கப்பட்டு 1920-இல் மொரெல்லோ வெளியே வந்தபோது, அவனுடைய நாற்காலியில் சால்வத்தோரே தகீலா உட்கார்ந்திருந்தான். பழைய தலைவன் உயிரோடிருப்பது புதிய தலைவனுக்குப் பிடிக்குமா? மொரெல்லோவுக்கு மரண ஆணை பிறப்பிக்கப்பட்டது. அவன் சில காலம் சிசிலிக்கு ஓடி ஒளிய வேண்டியிருந்தது. 1922-இல் இன்னொரு தம்பி வின்சென்சோ தெருவில் சுடப்பட்டான்.

பின்னர் ஜோ மசேரியா என்ற புதிய தலைவனுக்கு ஆலோசகனாக மொரெல்லோ ஒதுங்கினான். 1930-இல் மசேரியாவுக்கும் சால்வத்தோரே மரன்சானோவுக்கும் இடையே பெரும் மோதல் வெடித்தது. மோதலின் தொடக்கத்திலேயே, 1930 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, கிழக்கு 116-ஆவது தெருவிலிருந்த தன் அலுவலகத்தில் மொரெல்லோ சுட்டுக் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு 63 வயது. அடுத்த ஆண்டில் மசேரியாவும் மரன்சானோவும் ஐந்து மாத இடைவெளியில் கொல்லப்பட்டார்கள்.

மிஞ்சியது தம்பி சீரோ. நியூயார்க்குக்கு வரும் ஆர்டிசோக் என்ற காய்கறியின் வியாபாரத்தையே கைக்குள் வைத்திருந்தவன். இத்தாலியர்கள் விரும்பிச் சமைக்கும் காய் அது. எனவே அவன் ஏற்றிவைத்த விலையைக் கொடுத்தவர்களும் இத்தாலியக் குடும்பங்களே. 1935 டிசம்பரில் நகர மேயர் லகார்டியா, அதிகாலையில் சந்தைக்கே போய், சிறிய ஆர்டிசோக் விற்பனைக்குத் தடை விதித்தார். சில நாட்களில் விலை இறங்கியது, தடையும் நீங்கியது. லகார்டியாவும் இத்தாலியத் தந்தைக்குப் பிறந்தவர்தான். சீரோ 1938-இல் ஏறக்குறைய வெறுங்கையோடு இறந்தான். லூப்போ 1936-இல் மீண்டும் சிறைக்கு அனுப்பப்பட்டு, 1946 இறுதியில் வெளியே வந்து, சில வாரங்களில் மாண்டான்.

நமக்கு என்ன பாடம்?

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நிஜ ‘காட்பாதர்’ தன் மக்களுக்கு என்ன செய்தான்? ஊர்க்காரனிடம் பங்கு விற்று ஏமாற்றினான். தன் மொழி பேசும் தொழிலாளியைச் சிறைப்பிடித்து வேலை வாங்கினான். இத்தாலியத் தெருக்களில் கடை வைத்திருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தான். அவனுடைய மூலதனம் துப்பாக்கி அல்ல; பிறருடைய மௌனம்.

“குண்டர் கும்பலில் இருந்தாலும் நம் பையன்களுக்கு அவர் ஒரு பாதுகாப்பு” என்று பேசுபவர்களை எந்தச் சமூகத்திலும் பார்க்கலாம். அப்படிச் சொல்பவர்கள் மொரெல்லோவின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பணம் கொடுத்தவர்களின் வரிசையில் வெளியார் பெயர் அரிது.

மொரெல்லோ விதைத்த கும்பலின் வாரிசாகத்தான் நியூயார்க்கின் ஜெனோவேசே குடும்பம் கருதப்படுகிறது. 1963-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் வந்து, மாஃபியாவின் உள் விவகாரங்களை முதன்முதலாக வெளிப்படையாகச் சொன்ன ஜோ வலாச்சி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவனே. அதன் பிறகு 1970-இல் வந்த சட்டம், ஏவியவனையும் எய்தவனையும் ஒரே வழக்கில் நிறுத்த வழி செய்தது. அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்ததும், முன்வந்து பேசிய சாட்சிகள்தாம்.

நியூயார்க்கின் பழைய இத்தாலியர் பகுதிக்கு அருகே ஒரு சிறு சதுக்கம் இருக்கிறது. 1987-இல் அதற்குப் பெட்ரோசினோவின் பெயரைச் சூட்டினார்கள். மொரெல்லோவின் பெயர் குற்றப் பதிவேடுகளில் இருக்கிறது.

நம் பிள்ளைகள் படம் பார்க்கட்டும்; தவறில்லை. பார்த்து முடித்ததும் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தப் பெரிய மனிதர் உடுத்தியிருக்கும் கோட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?” பதிலை அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.